பாரில் வாசிப்பவருக்கு விரல் முக்கியமா, முகம் முக்கியமா?

12-02-2023 (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஆறு ஆண்டுகளாகக் கிட்டார் பழகுகிறேன். சென்ற வாரம் பெங்களூரில் ஒரு பப்பில் எங்கள் குழு முதன்முறையாக வாசித்தது. மூன்று மாத ஒத்திகைக்குப் பிறகு ஏறினோம். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனால் கைதட்டியவர்கள் எங்களோடு வந்த நண்பர்கள் மட்டுமே. எங்களுக்கு அடுத்து ஏறிய குழுவின் கிட்டார்காரர் கார்டு (சில சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் பிடி) மாற்றவே தடுமாறினார், பாடகர் இரண்டு இடங்களில் சுருதி விலகினார். ஆனாலும் கூட்டம் எழுந்து ஆடியது. பாரில் யாரும் வாசிப்பைக் கேட்பதில்லை, மேடையில் துள்ளுகிறவனைத்தான் பார்க்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி ஸ்கேல் (சுர வரிசை) பழகும் நேரத்தைக் கண்ணாடி முன்னால் நின்று ஆடிப் பழகுவதற்குச் செலவிடலாமா? அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

13-02-2023

தம்பி, ஸ்கேலைக் கைவிடாதே. நீ கண்டது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

நான் ஓசூரில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகள் சேலம், தருமபுரிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்களோடு வாசித்துவிட்டு, 2012 முதல் வெள்ளி, சனி இரவுகளில் பெங்களூர் பப்களில் ஒரு நால்வர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். திருவிழாவுக்கு வருபவர்கள் பாட்டுக் கேட்கவே பாய் விரித்து உட்காருகிறார்கள். பப்புக்கு வருபவர்கள் நண்பரைப் பார்க்க, குடிக்க, அலுவலகக் கோபத்தைக் கொட்ட வருகிறார்கள்; நாம் அங்கே இருப்பதே சிலருக்கு உள்ளே நுழைந்த பிறகுதான் தெரியும். இந்த வேறுபாடு எனக்குப் பிடிபட ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன்: வாசிக்கும்போது உன் கண் எங்கே இருந்தது? என் முதல் ஆண்டுக் காணொளிகள் எல்லாவற்றிலும் என் நெற்றியும் தலைமுடியும்தான் தெரிகின்றன. முகம் முழுவதும் கிட்டாரின் கழுத்துப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது. இடது கை அடுத்த கட்டையைத் தேடக் கண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டே இருந்தால், கூட்டத்தைப் பார்ப்பதற்கு உன்னிடம் கண்ணே மிச்சம் இருக்காது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் பல மணி நேரம் நீடித்தது உனக்கு நினைவிருக்கலாம். மாலையில் வேறு எதுவும் செய்ய முடியாமல் இருட்டில் உட்கார்ந்து அதே கார்டு மாற்றங்களையும் அதே ஸ்கேல்களையும் வாசித்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் என் விரல்கள் தாமாக வழி கண்டுபிடிக்கத் தொடங்கின. நான் முதன்முதலில் மேடையில் தலை நிமிர்ந்தது அந்த ஆண்டின் கடைசியில்தான். ஆகவே முதலில் திறமை, அதன் பிறகே மேடை என்பது என் கருத்து.

13-02-2023, இரவு

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நிற்கும் நிலையைத் திருத்திக்கொள்ளக் கண்ணாடி உதவும். தோள்பட்டை வளைந்திருக்கிறதா, கிட்டார் வார் அளவுக்கு மேல் தாழ்ந்து மணிக்கட்டு மடங்குகிறதா என்பதை அதில் பார்க்கலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதே. கண்ணாடிக்குள் இருப்பது நீ ஒருவன் மட்டும்தான், பப்பில் எண்பது பேர் இருக்கிறார்கள்.

18-02-2023

பாடகர் முன்னால் டேப்லெட் வைத்துப் பாடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

எங்கள் பாடகர் முதல் இரண்டு ஆண்டுகள் வரிகளை டேப்லெட்டில் போட்டு, மார்பு உயர ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு பாடினார். அவர் குரலில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பாட்டை அவர் அக்கூஸ்டிக் கிட்டாரோடு தனியாகப் பாடுவார்; அந்த நேரத்தில் ஒரு நாள் நான் மேடையை விட்டு இறங்கிப் போய், கழிவறைக்குப் போகும் வழியில் நின்று மேடையைப் பார்த்தேன். கீழிருந்து வந்த நீல வெளிச்சம் அவர் மோவாயிலும் மூக்கின் அடியிலும் மட்டும் விழுந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அவர் கண் கீழே இறங்கியது. வரி முடியும் நேரத்தில்தான் மேலே வந்தது, வந்த உடனே அடுத்த வரிக்காக மறுபடியும் இறங்கியது. சோகமான அந்தப் பாட்டை அவர் யாருக்கோ எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டுவதுபோல் பாடிக்கொண்டிருந்தார்.

ஸ்டாண்டை எடுத்துவிடலாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் 32 பாட்டுகளையும் ஆறு வாரங்களில் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி எழுதி மனப்பாடம் செய்தார். ஸ்டாண்டு இல்லாமல் பாடிய முதல் இரவில் இரண்டாம் சரணம் அடியோடு மறந்துபோயிற்று. அவர் மைக்கை முன் மேசைப் பக்கம் நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த நடுத்தர வயது அம்மா ஒருவர், கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சரணத்தை ஒரு சொல் தவறாமல் முழுவதும் பாடினார். நாங்கள் மூவரும் அவருக்குப் பின்னணி வாசித்தோம். அந்த மேசையில் இருந்தவர்கள் கடை மூடும் வரை நகரவில்லை.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அந்த ஆறு வார உழைப்பு இல்லாமல் அவர் மைக்கை நீட்டியிருந்தால் அந்த இரவே பாழாகியிருக்கும்.

02-03-2023

பாரில் தவறு யார் காதிலும் விழாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சில தவறுகள் விழாது, சில நிச்சயம் விழும். பி மைனருக்குப் பதிலாக டி மேஜரைப் பிடித்துவிட்டால் அநேகமாக யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த இரண்டு கார்டுகளுக்கும் மூன்றில் இரண்டு சுரங்கள் பொது. ஆனால் தாளம் நடுவில் ஓடினாலோ இழுத்தாலோ இசை அறியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். மேசைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றுபோவதை நான் மேடையில் இருந்தே பார்த்திருக்கிறேன். பாடகரின் சுருதியும் அப்படித்தான். பாட்டு முடியும் இடத்தில் நால்வரும் நான்கு வேறு கணங்களில் நிறுத்தினால் அதுவும் தெரியும். இவை எல்லாவற்றையும்விடக் கூட்டத்தைக் கெடுப்பது, இரண்டு பாட்டுகளுக்கு நடுவே விழும் வெறுமை.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு கைப்பேசியின் உதவியால்தான். 2014இல் ஒரு நாள் கைப்பேசியைப் பின்புறக் கவுண்டரில் கண்ணாடிக் குவளைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யச் சொன்னேன். மறுநாள் வீட்டில் கடிகாரத்தோடு உட்கார்ந்து கேட்டேன். இடைவேளை இல்லாமல் வாசிக்கும் 45 நிமிட செட்டில் 9 பாட்டுகள், 8 இடைவெளிகள். அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிடங்களுக்கு மேல் போயின. அவற்றில் மிக நீண்டது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. ஒரே ஒரு பாட்டுக்காக நான் ஆறு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பதிவில் என் கிட்டாரின் டொய்ங் டொய்ங் என்ற ஓசையும், ‘பில் கொண்டு வாங்க’ என்று யாரோ சொல்வதும் தெளிவாகக் கேட்கின்றன.

அதற்குப் பிறகு இறக்கிய சுருதியில் ஒரு இரண்டாவது கிட்டாரைத் தயாராக வைத்தோம். அது கிடைக்காத நாட்களில் அந்தச் சுருதிப் பாட்டுகளை எல்லாம் ஒரே செட்டில் அடுக்கினோம். சத்தத்தை அடைத்துவிட்டு ஒத்துப் பார்க்கும் டியூனர் பெடல் ஒன்றை வாங்கினேன். பாட்டு முடிந்தாலும் டிரம்ஸ்காரர் ஹை-ஹாட் என்ற தாளத் தட்டுகளை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பார். அதன் மேல் பாடகர் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அடுத்த பாட்டுத் தொடங்கிவிடும். மேடையில் யாரும் துள்ளவில்லை, ஆனால் இரண்டே வாரங்களில் கைதட்டல் மாறியது எங்களுக்கே கேட்டது.

டிரம்ஸ்காரருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் நிமிடத்துக்கு 112 தட்டாகப் பழகிய பாட்டு, மேடைப் பரபரப்பில் 120க்கு ஓடிவிடும். முதல் எண்ணிக்கையைச் தாள வேகத்தைக் காட்டும் சத்தமில்லாத மெட்ரோனோம் விளக்கைப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

16-04-2023

ஐபிஎல் நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பதில்.

முதல் சில ஆண்டுகள் நாங்கள் பப்பில் கிரிக்கெட் காட்டும் திரையை எங்களுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டோம். ஒரு இரவில் எட்டு மாதம் பழகிய சோலோவின் கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்கிறேன், அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்கிறது. நெஞ்சு நிறைந்து தலை நிமிர்ந்தால், அத்தனை முகமும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சொந்த ஊர் அணிக்காரர் சிக்ஸர் அடித்திருக்கிறார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் அத்திப்பள்ளி வரை நான் யாரோடும் பேசவில்லை.

வழி கண்டுபிடித்தவர் கிரிக்கெட் பைத்தியமான எங்கள் டிரம்ஸ்காரர். ஆட்டத்தோடு போட்டி போடாமல், அதன் இடைவெளிகளை நாம் எடுத்துக்கொள்வோம் என்றார். இன்னிங்ஸ் இடைவேளை 20 நிமிடம். எங்களிடம் உள்ள மிக நல்ல ஐந்து பாட்டுகளை அதற்கென்றே ஒதுக்கினோம். அணிகள் கலந்து பேச ஆட்டத்தை நிறுத்தும் ஸ்ட்ராட்டஜிக் டைம்-அவுட் இரண்டரை நிமிடம். ஒரு பல்லவியும் ஒரு சரணமும் அதில் அடங்கும். ஓவர் நடக்கும்போது பேச்சுக்குத் தடையில்லாத அளவில் வாத்திய இசை மட்டும் வாசிப்போம், விக்கெட் விழுந்தால் டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டுவார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த உருட்டுக்குத்தான் முதன்முதலாக எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

இதற்குக் கிரிக்கெட் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பந்து வீச்சாளர் ஓடத் தொடங்கியவுடன் பாட்டை எந்த இடத்திலும் அழகாக முடிக்கவும், நடுவர் கையைத் தூக்கியவுடன் பல்லவியில் இருந்து பிடித்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். பாட்டை முதலில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தவரால் அது முடியாது.

20-05-2023

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக் குழுவினர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பார்களில் தேறியவர்கள்தானே, அவர்களிடம் பார் முதலாளி கேட்டது ஆட்டத்தைத்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்டது உண்மைதான். 1960 ஆகஸ்டில் அவர்கள் இந்திரா என்ற சிறிய கிளப்பில் வாசிக்கத் தொடங்கியபோது அசையாமல் நின்றார்கள் என்பதால், முதலாளி புரூனோ கோஷ்மிடர் ‘மாக் ஷௌ’ என்று கத்திக்கொண்டே இருந்தார். ‘ஆட்டம் காட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு அவர்கள் மேடையில் குதிக்கவும் உருளவும் செய்தார்கள்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் மற்ற பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கிளப்பில் அவர்கள் 48 இரவுகள் வாசித்தார்கள். வார நாட்களில் நாலரை மணி நேரம், சனி, ஞாயிறுகளில் ஆறு மணி நேரம். அவ்வளவு நேரத்தை நிரப்பக் கையில் இருந்த பாட்டுகள் போதாமல் புதிய பாட்டுகளைத் தேடித் தேடிக் கற்றார்கள், இருந்த பாட்டுகளை நீட்டினார்கள். துள்ளிக்கொண்டே வாசிக்கவும் பழகினார்கள், வாசித்து வாசித்துக் கையையும் கூர்மையாக்கினார்கள். இரண்டும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில் நடந்தன. நான் பிப்ரவரியில் ‘முதலில் திறமை, அதன் பிறகே மேடை’ என்று எழுதியதை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். எனக்கு இருட்டறை முதலில் வாய்த்தது என்பதற்காக அதையே எல்லோருக்கும் வரிசையாக்கியது தவறு.

09-07-2023

கம்பி அறுந்தால் என்ன செய்வது?

நான் வைத்திருந்தது மிதக்கும் டிரெமலோ பாலம், அதாவது கம்பிகளைத் தாங்கியபடி முன்னும் பின்னும் அசையும் பகுதி, கொண்ட கிட்டார். அதில் கம்பிகளின் இழுவையும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவையும் தராசுத் தட்டுகள்போல் நிற்கின்றன. ஒரு கம்பி அறுந்தால் அந்தப் பக்கம் இழுவை குறைகிறது, ஸ்பிரிங்குகள் பாலத்தைப் பின்னால் இழுக்கின்றன, மிச்சமிருக்கும் ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிப்போகின்றன. அதாவது ஒரு கம்பி போனால் கிட்டாரே போனதுபோல்தான்.

2013இல் ஒரு சனிக்கிழமை இரண்டாவது கம்பி அறுந்தது. நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பி மாற்றினேன். குழுவினர் எனக்காக மரியாதையோடு காத்திருந்தார்கள். நான்கு நிமிடம். நான் எழுந்து திரும்பியபோது முன்னால் இருந்த இரண்டு மேசைகள் காலி. அந்த பப்பின் மேலாளர் அன்று பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதமும் அழைக்கவில்லை. தொகையைப் பிடித்தது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் அந்த மேசைகள் காலியானதற்கு நாங்கள்தான் காரணம்.

அதற்குப் பிறகு ஒரு மரத்துண்டை வெட்டி டிரெமலோவின் பின்னால் செருகிப் பாலத்தை அசையாமல் கட்டிவிட்டேன். இப்போது ஒரு கம்பி போனாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும், பாட்டை முடித்துவிடலாம். இதைத் தவிரக் குழுவில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: யாருடைய வாத்தியம் நின்றாலும் பேஸும் டிரம்ஸும் நிற்கக் கூடாது. 2019இல் மறுபடியும் கம்பி அறுந்தது. பேஸ்காரர் இரண்டே சுரங்களில் ஒரு சுழற்சியைப் பிடித்துக்கொண்டார், பாடகர் கூட்டத்தைக் கைதட்டச் சொல்லி ஒவ்வொரு மேசையாகத் தாளத்தைக் கொடுத்தார், நான் மாற்றுக் கிட்டாரை மாட்டிக்கொண்டு அந்தக் கைதட்டலுக்குள் நுழைந்தேன். பலர் அதை எங்கள் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள்.

13-08-2023

இரண்டு வாரங்களாக என்னைத் தூங்கவிடாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் வேறொருவரை அழைத்திருந்தோம். ஐம்பதைத் தாண்டியவர். அவருக்குத் தெரிந்தவை ஏழெட்டு கார்டுகள்தான். மேல் ஸ்தாயியில் குரல் சற்றுத் தொய்யும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, சவுண்ட் செக் முடிந்ததும் எங்களோடு உட்காராமல் மேசை மேசையாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். யார் பிறந்தநாளுக்கு வந்திருக்கிறார்கள், யார் வேலை மாறிப் போகிறார்கள், எந்த மேசையில் மலையாளம், எந்த மேசையில் தெலுங்கு என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எழுதி வைத்திருந்த வரிசையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் அந்த நேரத்து அறையைப் பார்த்துச் சொன்னார். உணவுத் தட்டோடு பரிமாறுபவர் மேடைக்கு முன்னால் கடக்கும்போது ஒரு வரி பொறுத்துக்கொண்டு, அவர் போன பிறகு பாடினார். அந்தப் பரிமாறுபவர் இரவு முழுவதும் சிரித்த முகத்தோடு இருந்தார்.

அறை அவர் கையில் இருந்தது. என்னைவிடக் குறைந்த திறமை உள்ளவர் ஒருவருக்குக் கண்ணும் காதும் எப்படி இவ்வளவு விடுதலையாக இருந்தன? சனிக்கிழமைப் பதிவை மறுபடி மறுபடி கேட்டதில் ஒன்று புரிந்தது. அவர் தேர்ந்த பாட்டுகள் அனைத்தும் அவருடைய திறமைக்கு வெகு கீழே இருந்தவை. தொய்யும் இடம் வராதபடி எல்லாவற்றையும் இரண்டு சுரம் இறக்கிக்கொண்டார். பாடுவதற்கு அவருக்கு முழுக் கவனமும் தேவைப்படவில்லை, மிச்சம் இருந்ததை எல்லாம் அறைக்குக் கொடுத்தார். நானோ பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு செட்டிலும் என் எல்லையில் நிற்கும் இரண்டு பாட்டுகளைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடமும் மேடையில் இருந்தே காணாமல் போயிருக்கிறேன்.

வரிசையில் இருந்து நான்கு பாட்டுகளை நீக்கிவிட்டேன். ஐபிஎல் இரவில் வாசித்த அந்தச் சோலோவும் அவற்றில் ஒன்று. எட்டு மாத உழைப்பு, நீக்கும்போது வலித்தது. அதை வீட்டில் தினமும் வாசிக்கிறேன்.

15-08-2023

எளிய பாட்டு போதும் என்று சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லை நகர்ந்தால் பாட்டும் நகரும்.

05-11-2023

நவம்பர் பெங்களூரில் கன்னடப் பாட்டுகளின் மாதம். முதல் தேதி ராஜ்யோத்சவம், அதாவது கர்நாடக மாநிலம் உருவான நாள், என்பதால் எல்லா மேசைகளில் இருந்தும் கன்னடம் கேட்கிறார்கள். அந்த வாரத்தில் நடந்தது, இந்தக் கேள்விக்கே வேறொரு பதிலைச் சொல்கிறது.

இடப்புறம் கன்னட மேசை, வலப்புறம் தமிழ் மேசை. இரண்டு பக்கத்தில் இருந்தும் துண்டுச்சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பாடினால் மறுபக்கம் முகம் வாடியது. 1981இல் கன்னட ‘கீதா’ படத்துக்கு இளையராஜா போட்ட ஒரு மெட்டு, 1984இல் தமிழில் ‘நூறாவது நாள்’ படத்துக்கு வந்தது. பாடகர் என்னைப் பார்த்தார், எனக்குப் புரிந்தது. கன்னடத்தில் தொடங்கினோம், முதல் சரணம் முடிந்ததும் தமிழுக்குத் திரும்பினோம். வலப்புற மேசை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது, இடப்புற மேசை இதைத் தங்களுக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொண்டு கைதட்டியது. கடைசிப் பல்லவியை இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் பாடினார்கள்.

பாரில் யாரும் வாசிப்பைக் கேட்பதில்லை என்ற உன் முடிவு இங்கேதான் உடைகிறது, தம்பி. இளையராஜா பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் வரிகளை மட்டும் வைத்திருப்பதில்லை. இடையிசையையும் பேஸ் கிட்டார் நகரும் வழியையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்கிறார்கள். பாடகர் வரியை மறந்தால் அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். இடையிசையில் நாம் ஒரு சுரத்தை விழுங்கினால் அவர்களால் எடுத்துக் கொடுக்க முடியாது, முகம் சுருங்குவது மட்டும் தெரியும். அசல் பதிவில் வயலின்கள் வாசிக்கும் பகுதியைக் கிட்டாரில் கொண்டுவர வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் நாலு சுரம் கேட்டவுடன், பாடகர் வாயே திறக்காத நேரத்தில், ஒரு மேசை முழுவதும் கையைத் தூக்குகிறது. அந்த நேரத்தில் நான் ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டேன்.

எதைக் கடினமாகப் பழக வேண்டும் என்பதில்தான் நான் இவ்வளவு காலம் தவறியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். என் சோலோவுக்குக் கொடுத்த எட்டு மாதத்தை நான்கு இடையிசைகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

27-01-2024

பாடகி உஷா உதுப்புக்குப் பத்ம பூஷண் அறிவித்திருக்கிறார்கள். இந்த விவாதத்தில் அவரை இவ்வளவு நாள் மறந்திருந்ததற்கு வருந்துகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் பார் மேடை என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது. மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். குரல் தடித்தது என்று பள்ளியில் பாட்டு வகுப்பில் சேர்க்கவில்லை என்பதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். பாடத் தொடங்கியது சென்னை அண்ணா சாலையில், சபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில். பிறகு கொல்கத்தாவின் பார்க் தெருவில் டிரிங்காஸ் உணவகம்.

இரவு விடுதிப் பாடகி என்றால் கவுன் என்று இருந்த காலத்தில் அவர் சேலை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அவருடைய காஞ்சிபுரம் பட்டையும் பெரிய பொட்டையும் மேடைக்கான வேடம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் வீட்டில் உடுத்தியதையே மேடைக்கும் உடுத்தினார். கண்ணாடி முன் ஆடிப் பழகலாமா என்று கேட்ட தம்பி இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குரலை ஒதுக்கிய ஆசிரியரின் காதுக்கு அது குறையாகப்பட்டிருக்கிறது. அவரோ அந்தக் கனத்த குரலை மெல்லியதாக்க முயலாமல், அதற்குப் பொருந்தும் பாட்டுகளைத் தேடி, கூட்டத்தோடு பேசிப் பேசிப் பாடினார். ஆகஸ்டில் நான் எழுதிய அந்த ஐம்பது வயதுப் பாடகரிடமும் இதுதான் இருந்தது. அவருடைய இரண்டு சுர இறக்கம் எனக்கு இப்போது இன்னும் தெளிவாகப் புரிகிறது.

10-03-2024

மொட்டை மாடி பார்களைப் பற்றிச் சுருக்கமாக. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. எனவே மாடியில் 10 மணிக்கு மைக்கை அணைக்க வேண்டும். முன்பு நாங்கள் அந்த நேரத்தில் மூட்டையைக் கட்டிவிடுவோம். இப்போது ஆம்பை (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) அணைத்துவிட்டு, டிரம்ஸ்காரர் கையால் தட்டும் கஹோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நான் அக்கூஸ்டிக் கிட்டாரோடு, நால்வரும் மேசைகளுக்கு நடுவே போய் நிற்கிறோம்.

முதல் இரவு மிகவும் கடினமாக இருந்தது. ஒலிபெருக்கி இருந்தவரை சத்தமே எங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் என் விரல் கம்பியில் உரசுவதையும் கேட்கிறார், நான் அவரைப் பார்க்கிறேனா என்பதையும் பார்க்கிறார். மூலையில் இருந்த மேசைக்கு நாங்கள் அங்கே வருவது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, திரும்பிவிட்டோம். அப்படித் திரும்பத் தெரிவதையும் பழக வேண்டியிருக்கிறது.

20-06-2024

கேள்வி கேட்ட தம்பி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். நாளை மறுநாள், சனிக்கிழமை, அதே பப்பில் மீண்டும் வாசிக்கிறார்களாம். வரிசையை அனுப்பிக் கருத்துக் கேட்டார். 11 பாட்டுகளில் மூன்றுக்கு நான் கோடு போட்டேன். இரண்டை நீக்கச் சம்மதித்தார், மூன்றாவதைக் கட்டாயம் வாசிப்பேன் என்கிறார். வாசிக்கட்டும்.

தம்பி, இரண்டாவது கிட்டார் இல்லை என்று எழுதியிருந்தாய். என்னுடையதைக் கொண்டுவருகிறேன், அரைச் சுரம் இறக்கியே வைத்திருப்பேன். மாற்றுக் கம்பிகள் இரண்டு செட் பையில் இருக்கட்டும். சவுண்ட் செக்கில் காலி அறைக்குச் சரியாக இருக்கும் கூர்மை, ஆள் நிரம்பியதும் மங்கிப்போகும்; ஆம்பில் கூர்மையைக் கூட்டும் டிரெபிள் திருகில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள். நான் எட்டரை மணிக்கு வந்து பின்புறக் கவுண்டர் பக்கம் நிற்பேன். கைப்பேசியில் முழுவதும் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். கேட்கும்போது பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொள்.